பறவையும் பூவும் வரையச் சொன்ன அரசர்

நம் வளாகத்தில் ஒருவர் வீட்டுச் சுவரில் ஜப்பானிய நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. மாதம் ஒரு படம்: ஒரு கிளை, சில பூக்கள், ஒரு குருவி. செர்ரி மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கொரு பலகையாக வைத்து அச்சிடும் கலை அது. ஹொக்குசாயும் ஹிரோஷிகேயும் அதில் பெரும் பெயர்கள். அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூரிலும் ஒருவர் பறவைகளையும் செடிகளையும் படமாக்கிக்கொண்டிருந்தார். அவர் இரண்டாம் சரபோஜி.

1777இல் பிறந்தவர். பத்து வயது நிறையும் முன்பே மன்னர் துளஜாஜி தத்தெடுத்தார். அதே ஆண்டு மன்னர் இறந்துவிட, சித்தப்பா முறையான அமர்சிங் அரியணையில் அமர்ந்தார். சிறுவனின் நிலை பரிதாபமானது. பாதிரியார் சுவார்ட்ஸ்தான் அவனுக்காகக் கம்பெனியிடம் வாதாடினார். படிப்புக்குச் சென்னைக்கு அனுப்பவும் வழி செய்தார்.

1798இல் அரியணை கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே ஓர் உடன்படிக்கை: நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு, அரசருக்குக் கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும் மட்டும். இருபத்திரண்டு வயதில் ஆள நாடில்லாத ராஜா! பொம்மை அரசர் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது முழு நியாயமில்லை என்பது என் எண்ணம். மீதமிருந்த பணத்தை அவர் எதில் செலவிட்டார் என்று பாருங்கள்.

சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். 1820 வாக்கில் காசி யாத்திரை போனபோதும் சுவடிகள் சேர்த்தார். 1805இல் தேவநாகரி எழுத்துகளுடன் அச்சகம் நிறுவினார். ஈசாப் கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின. தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வு நடந்தது.

ஓவியங்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. தஞ்சாவூர் ஓவியம் என்றால் தங்கத் தகடு, கல் பதிப்பு, நடுவில் தெய்வம். அந்த ஊர் ஓவியர்களிடம் காகிதத்தையும் நீர்வண்ணத்தையும் கொடுத்து, கண்ணால் கண்ட பறவையை, விலங்கை, செடியைக் கண்டபடியே வரையச் செய்தார் சரபோஜி. தங்கமில்லை, பின்னணி மண்டபமில்லை. இறகின் வரி, இலையின் நரம்பு, அவ்வளவுதான். கண் நோயாளிகளின் கண்களையும் வரையவைத்து, சிகிச்சைக் குறிப்புகளோடு சேர்த்து வைத்தார். ஜப்பானியப் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடைத்தெருவில் விற்றது. இவருடையது கையால் வரைந்த ஒற்றைப் பிரதி. அதனால்தான் நம்மில் பலருக்குத் தெரியாமலே போயிற்று. ஒரு தொகுப்பு, தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்குப் போய், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

சரபோஜி 1832இல் காலமானார். 1855இல் கம்பெனி அந்த அரசையே இல்லாமல் செய்துவிட்டது. நூலகம் மட்டும் நின்றது.

விடுமுறையில் அரியலூரிலிருந்து திருமானூர், திருவையாறு வழியாகத் தஞ்சைக்குப் போகிறவர்கள், அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலமென்றால் போகும் வழியிலேயே கரைவெட்டி ஏரியில் வரித்தலை வாத்துகளையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் வண்ணப் பென்சிலும் கொடுத்து அழைத்துப் போங்கள். வரைந்து வந்தால் அடுத்த இதழில் போடுகிறோம்.