பேசுற தமிழில் செய்தி! நிருபர்களுக்குப் பாடம் சொன்ன பாரிஸ்டர் ஆதித்தனார்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் ஒரு பெரிய டெலஸ்கோப் இருக்கிறது. அதற்கு 1986-ல் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. இந்தச் செய்தியை எப்படி எழுதுவது?

2.34 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடி என்று ஆரம்பித்தால், ஜமுனாமரத்தூர் டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்து விடுவார்கள். ஆள் உயரத்தைவிட அகலமான கண்ணாடி என்று சொன்னால்? சட்டென்று புரியும்!

இந்த வித்தையைத் தமிழ் நிருபர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சி.பா.ஆதித்தனார்.

லண்டன் படிப்பு

1905-ல் திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் பிறந்தவர். லண்டன் போய் பாரிஸ்டர் பட்டம் வாங்கினார். சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தினார்.

லண்டனில் சாதாரண ஜனங்களும் பேப்பர் படிப்பதைப் பார்த்தார். தமிழ்நாட்டிலோ பேப்பர் என்றால் படித்தவர்கள் சமாசாரம். நடையும் கரடுமுரடு.

மதுரையில் தொடங்கினார்

ஊர் திரும்பிய ஆதித்தனார், 1942-ல் மதுரையில் பத்திரிகை தொடங்கினார். அது உலகப் போர் நேரம். பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் 'தந்தி'. அன்றைக்குத் தந்திதான் வேகமான சேதி! அதுவே பிறகு 'தினத்தந்தி' ஆனது.

பஸ்சும் ரெயிலும் காத்திருக்காது

பேப்பர் கட்டு பஸ்சையும் ரெயிலையும் பிடித்தாக வேண்டும். தவறினால் மறுநாள் அது பழைய பேப்பர். கடிகாரம் ஓடும்போது அலங்கார வார்த்தை தேடுகிற நிருபர் கோட்டை விடுவார்.

ஆதித்தனார் சொன்ன வழி சுலபமானது. ஜனங்கள் பேசுகிற தமிழில் எழுது. கொச்சையை மட்டும் நீக்கு. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்.

பேசுகிற வார்த்தையைத் தேட வேண்டியதில்லை. நாக்கிலேயே இருக்கிறது! வாசகருக்கும் புரியும், நிருபருக்கும் நேரம் மிச்சம். முக்கிய விஷயம் முதல் வரியிலேயே வந்துவிட்டால், இடம் போதாதபோது கடைசியில் வெட்டலாம். செய்தி சாகாது.

நிருபர்களுக்காக அவர் 'இதழாளர் கையேடு' எழுதினார்.

சபாநாயகர்

1967-ல் சட்டசபை சபாநாயகர் ஆனார். பிறகு மந்திரியாகவும் இருந்தார். 1981 மே 24-ந் தேதி காலமானார்.

எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அவருடைய பேப்பரைப் பார்த்தே சரளமாகப் படிக்கப் பழகினார்கள். பாரிஸ்டர் கொடுத்த பெரிய சொத்து அதுதான்!