தராசை நம்பியவர்

1794-ம் ஆண்டு மே மாதம் 8-ந்தேதி. பிரான்சு நாட்டின் தலைநகரமான பாரிஸ்.

அன்று 28 பேர் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அத்தனை பேருடைய தலையும் வெட்டப்பட்டுவிட்டது.

மூன்றாவதாக மேடை ஏறியவர் ஒரு முதியவர். நான்காவதாக ஏறியவர் அவருடைய மருமகன். வயது 50.

அந்த மருமகன்தான் அந்துவான் லவாய்சியர். இன்றைய ரசாயன சாஸ்திரத்தின் தந்தை என்று உலகம் போற்றும் மேதை.

அப்படி என்ன குற்றம் செய்தார்? வரிக் குத்தகைக்காரராக இருந்தார். அந்தக் குத்தகைக்காரர்கள், மக்களுக்கு விற்ற புகையிலையில் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்தார்கள் என்பது அவர்கள் மீது கூறப்பட்ட குற்றங்களில் ஒன்று.

தண்ணீர் சேர்த்தால் எடை கூடும். வாழ்நாள் முழுவதும் எடையில் ஒரு நெல்மணி அளவும் பிசகக்கூடாது என்று பாடுபட்டவர் மீது இப்படி ஒரு பழி!

வக்கீல் வீட்டுப் பிள்ளை

லவாய்சியர் 1743-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி பாரிசில் பிறந்தார். தந்தை வக்கீல். வசதியான குடும்பம்.

ஐந்து வயதில் தாயை இழந்தார். அத்தை, பாட்டி வீட்டில் செல்லமாக வளர்ந்தார்.

தந்தையைப் போலவே சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால், மனம் சட்டத்தில் ஒட்டவில்லை. ரசாயனச் சொற்பொழிவுகளைத் தேடிப்போய்க் கேட்டார். மண், கல், காற்று, நெருப்பு இவற்றின் ரகசியம் என்ன என்று அறியத் துடித்தார்.

நகரத் தெருக்களுக்கு நல்ல விளக்கு போடுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக 1766-ல் மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1768-ல், 25-வது வயதில், பிரான்சு விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினர் ஆனார்.

அதே ஆண்டில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். வரிக் குத்தகையில் ஒரு பங்கு வாங்கினார்.

வரிக் குத்தகை என்றால் என்ன? மன்னருக்கு ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். பிறகு உப்பு வரி, புகையிலை வரி, நகருக்குள் வரும் சரக்குக்கு வரி எல்லாவற்றையும் குத்தகைக்காரர்களே வசூலித்துக் கொள்ளலாம். கட்டியதற்கு மேல் வந்தது அவர்களுக்கு லாபம். இதனால் ஏழை மக்கள் அவர்களை அடியோடு வெறுத்தார்கள்.

அந்தப் பணம் லவாய்சியருக்கு எதற்கு? நல்ல தராசுகள் செய்வதற்கு! கண்ணாடிக் குடுவைகள் வாங்குவதற்கு!

மூன்று தராசுகள்

காலை 6 மணி முதல் 9 மணி வரை ஆராய்ச்சி. பகலில் குத்தகை வேலை. இரவு 7 மணி முதல் 10 மணி வரை மீண்டும் ஆராய்ச்சி. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் ஆராய்ச்சி. இதுதான் அவருடைய வாழ்க்கை.

பாரிசிலேயே கைதேர்ந்த கருவித் தொழிலாளர்களைக் கொண்டு அவர் தராசுகள் செய்யச் சொன்னார். அவர்களில் ஒருவர் பெயர் பார்ட்டின். இன்றும் ஆய்வுக்கூடங்களில் காற்றழுத்தத்தை அளக்க வைத்திருக்கும் பார்ட்டின் பாரமானி அவர் பெயரைக் கொண்டதுதான்.

லவாய்சியர் மூன்று வகைத் தராசுகளை வைத்திருந்தார். பல ராத்தல் கனமுள்ள பாத்திரங்களை நிறுக்கப் பெரிய தராசு. நடுத்தரப் பொருளுக்கு ஒன்று. சிட்டிகைப் பொடியை நிறுக்க மிகச் சிறிய தராசு ஒன்று.

நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுக்க முடியுமா? எதை அளக்கிறோமோ அதற்கு ஏற்ற கருவி வேண்டும். இது அவர் கடைப்பிடித்த முதல் பாடம்.

அந்தத் தராசுகளை அவர் அடுப்பும் திராவகமும் உள்ள அறையில் வைக்கமாட்டார். திராவகத்தின் ஆவி பட்டால் எஃகு துருப்பிடித்துவிடும். துருப்பிடித்த தராசு பொய் சொல்லும். அதனால் ஈரம் இல்லாத தனி அறையில் வைத்துப் பாதுகாத்தார்.

101 நாள் சூடேறிய தண்ணீர்

அந்தக் காலத்தில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தண்ணீரை நெடுநாள் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று நினைத்தார்கள். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக மண் போல ஏதோ தங்கும். அதுதான் அவர்கள் காட்டிய சாட்சி.

உண்மையா என்று பார்க்க லவாய்சியர் புறப்பட்டார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்தார். சுத்தமான வாலைத் தண்ணீரை ஊற்றி மூடினார். மறுபடியும் நிறுத்தார். பிறகு அடுப்பில் ஏற்றினார்.

ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. 101 நாட்கள் இடைவிடாமல் சூடேற்றினார். அது 1768-ம் ஆண்டின் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிந்தது.

தண்ணீரில் மண் தோன்றியது. ஆனால், மூடிய பாத்திரத்தை நிறுத்தபோது மொத்த எடை மாறவே இல்லை. ஆகவே, வெளியில் இருந்து எதுவும் உள்ளே வரவில்லை.

பிறகு பாத்திரத்தைக் காலி செய்து, உலர்த்தித் தனியாக நிறுத்தார். அது எடை குறைந்திருந்தது! சுமார் 17 கிரெயின் குறைவு. கிரெயின் என்பது அந்நாளைய மிகச் சிறிய எடை. ஏறத்தாழ இரண்டு நெல்மணி கனம்தான் இருக்கும்.

மண்ணையும் சேர்த்தெடுத்து நிறுத்தார். சுமார் 20 கிரெயின் இருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீர் மண்ணாகவில்லை. கண்ணாடிதான் கரைந்து மண்ணாக வந்திருக்கிறது!

இரண்டு கணக்கும் சரியாகப் பொருந்தவில்லை. 3 கிரெயின் வித்தியாசம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அளந்ததை அளந்தபடியே எழுதிவைத்தார். அதுவே அவருடைய பெருமை.

வீட்டுக்கு வந்த துணை

1771-ல் லவாய்சியருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மேரி ஆன், இன்னொரு வரிக் குத்தகைக்காரரின் மகள். அவளுக்கு வயது 13தான். அவருக்கு 28.

அந்தச் சிறுமி பின்னாளில் கணவருக்கு வலக்கையாக விளங்கினார். இங்கிலீஷ் கற்று, அந்த மொழி நூல்களைக் கணவருக்காகப் பெயர்த்துத் தந்தார். ஓவியம் கற்று, கருவிகளைப் படமாக வரைந்தார். கணவர் சொல்லச் சொல்ல எடைகளைக் குறித்துக்கொண்டார்.

நெருப்பின் ரகசியம்

ஒரு பொருள் எரிந்தால் அதில் இருந்து ஏதோ ஒன்று வெளியே போய்விடுகிறது என்று அக்கால விஞ்ஞானிகள் நம்பினார்கள். அப்படிப் போனால் எடை குறைய வேண்டும் அல்லவா? ஆனால், உலோகத்தைச் சுட்டுப் பொடியாக்கினால் எடை கூடியது! இது பெரிய புதிராக இருந்தது.

1774-ல் லவாய்சியர் வெள்ளீயத்தைக் குடுவைக்குள் போட்டு, வாயை உருக்கி அடைத்தார். நிறுத்தார். சூடாக்கினார். ஆறவிட்டு, திறக்காமல் மறுபடியும் நிறுத்தார். எடை மாறவில்லை.

பிறகு குடுவையின் வாயை உடைத்தார். வெளிக்காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது. இப்போது எடை கூடிவிட்டது!

உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியை உலோகம் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் வெளிக்காற்று பாய்ந்தது. திறக்கும் முன்பே நிறுத்ததால்தான் இந்த உண்மை கிடைத்தது.

அந்தக் காற்று எது? பிறகு பாதரசத்தை வைத்துச் சோதித்தார். 4 அவுன்சு பாதரசத்தை 12 நாட்கள் காய்ச்சினார். மேலே சிவப்புப் பொடி படர்ந்தது. 50 கன அங்குலம் இருந்த காற்று 42 அல்லது 43 ஆகச் சுருங்கியது. மிஞ்சிய காற்றில் மெழுகுவத்தி அணைந்தது.

சிவப்புப் பொடி 45 கிரெயின் இருந்தது. அதை மட்டும் எடுத்துக் கடுமையாகச் சுட்டார். நாற்பத்தொன்றரை கிரெயின் பாதரசம் திரும்பி வந்தது. கூடவே 7 அல்லது 8 கன அங்குலம் வாயு வந்தது. அதில் மெழுகுவத்தி ஜெகஜோதியாக எரிந்தது!

போனது எவ்வளவோ அவ்வளவே திரும்பி வந்துவிட்டது. அதுதான் நாம் சுவாசிக்கும் பிராணவாயு. அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவர் லவாய்சியர்.

அந்த வாயுவை அவருக்கு முன்பே ஷீலே என்பவரும், இங்கிலாந்தின் பிரீஸ்ட்லியும் கண்டுபிடித்திருந்தார்கள். பிரீஸ்ட்லி 1774-ல் பாரிசுக்கு வந்தபோது அதைப்பற்றி லவாய்சியரிடமே சொன்னார். அதற்கு உரிய நன்றியை லவாய்சியர் செலுத்தவில்லை என்ற குறை உண்டு. ஆனால், அதன் பொருளைத் தராசினால் விளக்கியவர் அவரே.

எந்த மாறுதல் நடந்தாலும் பொருளின் மொத்த எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இந்த அடிப்படையில் 1789-ல் தம் புகழ்பெற்ற ரசாயன நூலை வெளியிட்டார். படங்களை வரைந்தவர் மேரி ஆன்.

புரட்சித் தீ

அதே 1789-ல் பிரான்சில் புரட்சி வெடித்தது.

கள்ளத்தனமாகச் சரக்கு வருவதைத் தடுக்க பாரிசைச் சுற்றி மதில் எழுப்பலாம் என்று யோசனை சொன்னவர் லவாய்சியர். வரிக் குத்தகைக்காரர்கள் அதைக் கட்டினார்கள். மக்கள் அதை மறக்கவில்லை.

புதிய ஆட்சியிலும் அவர் உழைத்தார். நாடு முழுவதற்கும் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. 1793-ல் லவாய்சியரும் ஆயூயி என்ற விஞ்ஞானியும் தண்ணீரை மிக நுட்பமாக நிறுத்து, புதிய எடைக்கு வழி செய்தார்கள். அதில் பிறந்ததுதான் கிலோகிராம்.

அந்த ஆண்டு நவம்பரில் வரிக் குத்தகைக்காரர்களைக் கைது செய்ய உத்தரவு பிறந்தது. லவாய்சியர் மாமனாருடன் தாமே போய்ச் சரண் அடைந்தார். அளவுக் குழுவில் இருந்தவர்கள் அவரை விடுவிக்கும்படி கேட்டார்கள். பயன் இல்லை.

மே 8-ந்தேதி, மாமனாரை அடுத்து மருமகன் மேடை ஏறினார். ஒரே நாளில் மேரி ஆன் தந்தையையும் கணவரையும் பறிகொடுத்தார். வீட்டுப் பொருள்களும் பறிமுதல் ஆயின.

நிலைத்த எடை

அடுத்த ஆண்டே பறிமுதலான பொருள்கள் மனைவியிடம் திருப்பித் தரப்பட்டன. அவர் கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டார். 1836 வரை வாழ்ந்தார். லவாய்சியரின் தராசுகள் இன்றும் பாரிசில் உள்ள பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன.

நம் நாட்டில் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி கிலோ எடை வந்தது. வீசையும் பலமும் மறைந்தன. இப்போது கடையில் ஒரு கிலோ அரிசி வாங்குகிறோம். அந்தக் கிலோவுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது.

எந்த வரிப் பணம் அவருக்குத் தராசு வாங்கித் தந்ததோ, அதே வரிப் பணம் அவர் தலையையும் வாங்கிவிட்டது.

ஆத்திரம் கொண்ட கூட்டம் அவரை நிறுத்துப் பார்க்கவில்லை. குற்றத்தை ஒரு தட்டிலும், செய்த நன்மையை மறு தட்டிலும் வைத்துப் பார்க்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை.

ஆனால், அவரோ 3 கிரெயின் வித்தியாசத்தைக்கூட மறைக்காமல் எழுதிவைத்தவர்.