மூணே வருஷத்துல நம்பர் ஒன் ஆக ஆசைப்பட்ட ஷூமன்... மகளுக்காக எழுதிய 43 பியானோ பீஸ்கள்!

பியானோ கத்துக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். ஆரம்பப் புத்தகம் முடிஞ்சிருக்கும். ரெண்டு கையும் ஓரளவு சேர்ந்து ஓடும். நோட்ஸைப் பார்த்தா பயம் வராது. சரி, அடுத்து எந்த பீஸை எடுக்கிறது? யூடியூபைத் திறந்தா யாரோ ஒருத்தர் ஷோபனை மின்னல் வேகத்துல வாசிச்சுட்டிருப்பார். நேரா அதுக்கே தாவிடலாமானு கை பரபரக்கும். (நானும் ஒரு கீபோர்டு வாங்கி, ஆறு மாசமா பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' முதல் பக்கத்தைத் தாண்டாத ஆள்தான். அந்தக் கதை இன்னொரு நாள்.)

இந்தப் பரபரப்பை நல்லா அறிந்தவர் ராபர்ட் ஷூமன். 19-ம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருத்தர். ஆனா அவர் முதலில் ஆக ஆசைப்பட்டது பியானோ கலைஞராக!

1810-ல் ஜெர்மனியின் ஸ்விக்காவ் ஊரில் பிறந்தார் ஷூமன். அப்பா புத்தகக் கடைக்காரர், பதிப்பாளர். பையனுக்கு 16 வயசு இருக்கும்போது அப்பா இறந்துட்டார். எல்லா அம்மாக்களையும் போல இவர் அம்மாவுக்கும் மகன் உருப்படியா ஒரு வேலைக்குப் போகணும்னு கவலை. அதனால 1828-ல் சட்டம் படிக்க லைப்சிக் அனுப்பினார். அங்கே போனவர் சட்டப் புத்தகத்தைவிட பியானோ பக்கம்தான் அதிகம் உட்கார்ந்தார். வாத்தியார், அந்த ஊரின் பிரபல ஆசிரியர் ஃப்ரெடரிக் வீக்.

வீக்குக்கு ஒரு மகள். பெயர் கிளாரா, வயசு 9. ஷூமனுக்கு 18. அந்தச் சின்னப் பொண்ணு அதே வருஷம் மேடை ஏறிட்டா. அவளை அப்பா வளர்த்த விதம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஆரம்பத்துல அவளுக்கு நோட்ஸே காட்டலை. அவள் கைக்கு ஏத்த மாதிரி சின்னச் சின்ன பீஸ்களைத் தானே எழுதிக் கொடுத்து, காதால் கேட்டு வாசிக்க வைத்தார். ஒவ்வொரு படியும் அளந்து வைத்த படி.

ஷூமனுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1830-ல் பிராங்க்பர்ட்டில் வயலின் மேதை பகானினியின் கச்சேரியைக் கேட்டார். அவ்வளவுதான், சட்டப் படிப்புக்கு முழுக்குப் போட முடிவு செய்தார். அம்மா பதறிப்போய் வீக்கிடம் கருத்துக் கேட்க, அவர் ஒழுங்கா உழைத்தால் மூன்றே வருஷத்தில் இந்தப் பையனை உலகின் சிறந்த பியானோ கலைஞர்களில் ஒருத்தனாக்குறேன்னு பதில் எழுதினார். அந்த அக்டோபரில் ஷூமன் வாத்தியார் வீட்டுக்கே குடிபோனார்.

20 வயசுப் பையனிடம் மூன்று வருஷக் கெடு கொடுத்தால் என்ன ஆகும்? ஷோபனின் ஓபஸ் 2 வேரியேஷன்ஸ் மாதிரி அன்றைக்குப் புத்தம் புதுசாக வந்த, பெரிய கலைஞர்களுக்கே சவால் விடும் பீஸ்களோடு மல்லுக்கட்டினார். விரலுக்குப் பலம் சேர்க்க ஒரு கருவியை வேறு மாட்டிக்கொண்டார். 1832-க்குள் வலது கை நடுவிரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

கருவிதான் காரணமா, நரம்புக் கோளாறா, அளவில்லாத பயிற்சியா... ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. வைத்தியம் பார்த்த கதை இன்னும் கொடுமை. அப்போதுதான் அறுத்த மிருகத்தின் உடலுக்குள் கையை வைக்கிற சிகிச்சை, மின்சார சிகிச்சை, ஹோமியோபதினு எதையும் விடலை. விரல் திரும்பவே இல்லை. மேடைக் கனவு முடிந்தது. அவர் எழுதியதை உலகத்துக்கு வாசித்துக் காட்டியது கிளாராவின் கைகள்தான். அப்பாவின் எதிர்ப்பை மீறி, கோர்ட் வரை போய், 1840-ல் கிளாராவின் 21-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போ நம்ம பிரச்னைக்கு வருவோம். 1848. டிரெஸ்டனில் குடும்பம். மூத்த மகள் மேரி பியானோ கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். வகுப்புகளில் குழந்தைகளுக்குக் கொடுத்த பீஸ்கள் எல்லாம் சத்தே இல்லாதவைனு ஷூமனுக்கு எரிச்சல். செப்டம்பர் 1, மேரிக்கு ஏழாவது பிறந்தநாள். சில குட்டி பீஸ்களை அவரே எழுதிப் பரிசாகக் கொடுத்தார். எழுத ஆரம்பித்த கை நிற்கவில்லை. சில வாரங்களில் 43 பீஸ்கள்! அதுதான் 'இளையோருக்கான ஆல்பம்', ஓபஸ் 68.

புத்தகத்தை இரண்டாகப் பிரித்தார். முதல் 18 சின்னவர்களுக்கு, 19-லிருந்து கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு. ஆரம்ப நிலை தாண்டியவர்களுக்கு இதில் நல்ல இடம் எட்டாவது பீஸ், 'முரட்டுக் குதிரைக்காரன்'. கேட்க அமர்க்களமா இருக்கும், ஆனா கைக்குள் அடங்கும். முதலில் மெட்டு வலது கையில். நடுவில் அதே மெட்டு இடது கைக்குத் தாவும், வலது கை துணைக்குப் போகும். சும்மா கார்டு மட்டும் அமுக்கிப் பழகிய இடது கைக்கு அங்கேதான் வேலை. அடுத்து பத்தாவது, 'மகிழ்ச்சியான விவசாயி'. இதில் இடது கைதான் ஹீரோ, ஆரம்பத்திலிருந்தே பாடும். வலது கை இடையிடையே கார்டு போடும். அந்தக் கார்டு மெட்டை அமுக்கிவிடாமல் மெதுவாக விழணும். சொல்ல ஈஸி, வாசிச்சுப் பாருங்க! இதெல்லாம் வந்துட்டா 16-வது, 'முதல் இழப்பு'. நோட்ஸ் ரொம்பக் கம்மி, ஆனா அவசரப்பட்டா பாட்டே செத்துப்போகும். என் கணக்கில் இந்த 43-ல் மிக அழகானது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஷூமனின் 'குழந்தைப் பருவக் காட்சிகள்'னு இன்னொரு தொகுப்பு உண்டு, 1838-ல் எழுதியது. பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பெரியவர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தை நினைத்துப் பார்ப்பது. அதில் வரும் 'ட்ராய்மராய்' மெதுவான பீஸ்தான், நோட்ஸும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆனா கை அகல விரியணும், ஒரே நேரத்தில் பல குரல்கள் தனித்தனியா கேட்கணும். அதுக்குக் கொஞ்சம் காலம் காத்திருக்கலாம்.

ஆல்பத்தின் அடுத்த பதிப்பில் இளம் கலைஞர்களுக்கு யோசனைகளையும் சேர்த்தார் ஷூமன். கஷ்டமான பீஸைச் சுமாராக வாசிப்பதைவிட, எளிமையானதை அழகாக வாசிக்கப் பாருங்கள் என்பது அதில் ஒன்று. வெறும் விரல் பயிற்சியிலேயே மணிக்கணக்கில் மூழ்குவதையும் கிண்டல் செய்திருப்பார். நடுவிரல் போனவர் எழுதியதுனு நினைச்சுப் படிச்சா, கிண்டல் மாதிரியே தெரியாது.

1853-ல் மறுபடி மகள்களுக்காக உட்கார்ந்தார். ஜூலி, எலிஸ், மேரி என மூவருக்கும் ஆளுக்கொரு சொனாட்டா, ஓபஸ் 118. மூவரில் இளையவள் ஜூலிக்குச் சின்னது, மூத்தவள் மேரிக்குப் பெரியது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் மனநோய் முற்றி ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி பான் நகருக்கு அருகே எண்டனிக் மருத்துவ இல்லத்தில் சேர்த்தார்கள். 1856 ஜூலையில் அங்கேயே இறந்தார். வயசு 46.

கிளாரா அதற்குப் பிறகு 40 வருஷம் வாழ்ந்தார். 1878-ல் பிராங்க்பர்ட் இசைப் பள்ளியில் ஆசிரியரானபோது உலகின் பல பக்கங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் நேரா கிளாராவிடம் போய்விட முடியாது. அவர்களை உட்காரவைத்து, அந்த நிலைக்குத் தயார் செய்து அனுப்பியவர்களில் ஒருத்தர் மேரி. அப்பாவிடம் பிறந்தநாள் பரிசு வாங்கிய அதே மேரி.