வெல்டிங் ஷாப்பிலிருந்து ஒரு பாட்டுக்காரர்



டெஸ்மண்ட் டெக்கர் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் நம்ம ஆளு! கையில் ராடும் முகத்தில் ஷீல்டுமாக வெல்டிங் ஷாப்பில் நின்றவர். அதனால்தான் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

1941-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் பக்கம் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மா அப்பாவை இழந்தார். தையல் பழகினார்; பிறகு வெல்டர் ஆனார். வேலை நேரத்தில் இவர் பாடுவதைக் கேட்ட கூட்டாளிகள், சும்மா விடாமல் பாட்டுக் கம்பெனிக்கு விரட்டினார்கள். இரண்டு இடத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 1961-ல் லெஸ்லி காங் என்பவர் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் முதல் இசைத்தட்டு வர 1963 ஆகிவிட்டது. தன்னோடு வெல்டிங் செய்த இன்னொரு பையனையும் காங்கிடம் அழைத்துப் போனார் டெக்கர். அந்தப் பையன்தான் பாப் மார்லி!

காசில்லாமல் சண்டை போட்ட ஒரு ஜோடியின் பேச்சு இவர் காதில் விழ, அதிலிருந்து பிறந்தது 'இஸ்ரேலைட்ஸ்'. உழைத்தும் வயிறு நிறையாதவனின் புலம்பல். 1969 ஏப்ரலில் இங்கிலாந்தில் அதுதான் முதலிடம்.

அங்கே அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் யார் தெரியுமா? தலையை ஒட்ட வெட்டி, கனத்த பூட்ஸ் போட்ட 'ஸ்கின்ஹெட்' பையன்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கறுப்பரின் பாட்டுக்கு ஆடிய அதே கூட்டத்தில், தெருவில் போகும் பாகிஸ்தானியரை அடித்தவர்களும் இருந்தார்கள். என்னால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை.

அடுத்து வந்தது கெட்ட காலம். துறைமுகங்கள், ஆலைகள் வரிசையாக மூடின. 1982-ல் வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டினர். 1967-ல் தொடங்கிய 'நேஷனல் ஃபிரண்ட்' கட்சி, ஃபுட்பால் மைதான வாசலிலும் கச்சேரிகளிலும் இந்தப் பையன்களைப் பிடித்தது. உன் வேலையைத் தின்றவன் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று ஓதியது. ஆலையை மூடிய முதலாளியை யாரும் கேட்கவில்லை. 1981 ஜூலை 3-ல் லண்டன் சவுத்தாலில் கச்சேரிக்கு வந்த ஸ்கின்ஹெட்டுகளால் கலவரம் வெடித்தது. இந்தியர் கடைகள் நொறுங்கின. கச்சேரி நடந்த மதுக்கடையும் எரிந்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடவில்லை. 1976-ல் பாட்டையே ஆயுதமாக்கி இனவெறிக்கு எதிராக ஓர் இயக்கம் பிறந்தது. கார் ஆலைகள் நிறைந்த கவென்ட்ரியில் 1979-ல் 'டூ டோன்' இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஜமைக்கா இசை வாசித்தார்கள். அந்த அலையில் டெக்கருக்கும் மறுவாழ்வு. 1980-ல் புது ஆல்பம் வந்தது. 1984-ல் திவாலானார். அப்படியும் பாட்டை விடவில்லை. 2006 மே 25-ல் மாரடைப்பில் காலமானார்.

நண்பர்களே, டெக்கரின் பாட்டும் அந்தக் கட்சியின் நோட்டீஸும் தட்டியது ஒரே காலிப் பாக்கெட்டைத்தான். பாட்டு, உன் கஷ்டம்தான் எனக்கும் என்றது. நோட்டீஸோ, பக்கத்தில் நிற்பவனைக் கை காட்டியது. நாளைக்கு நாமும் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவோம். வேலை கிடைக்காத அந்த நாளில் நம் தோளிலும் யாராவது வந்து கை போடுவான். அவன் யாரைக் கை காட்டுகிறான் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கூடப் போங்கள்!