லாரியில் திருஷ்டி முகம் தெரியும்... எலிப் பூதத்தை வரைந்து கார் கட்டிய எட் ராத் தெரியுமா?

கிள்ளை வழியாக பிச்சாவரம் போகும்போது முன்னால் ஒரு லாரி. பின்பக்கம் கோரைப்பல், துருத்திய நாக்கு, உருட்டும் கண்ணோடு ஒரு பூத முகம். கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மாட்டுற திருஷ்டி முகம், நமக்குப் புதுசில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒருவர் பூதம் வரைந்தது திருஷ்டிக்காக இல்லை. கார் கட்ட காசு சேர்க்க!

யார் இந்த எட் ராத்?

1932 மார்ச் 4-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர்கள். விமானப்படையில் இருந்து 1955-ல் வெளியே வந்தார். பகலில் கடையில் வேலை, ராத்திரியில் கார்களுக்கு அலங்காரக் கோடு போடும் பெயின்ட் வேலை.

காரில் என்ன புதுமை?

அப்போது பலரும் பழைய காரை வெட்டி ஒட்டித்தான் மாற்றினார்கள். ராத், ஃபைபர் கிளாஸில் புது பாடியே வார்த்தார். 1959-ல் 'அவுட்லா', 1961-ல் 'பீட்னிக் பேண்டிட்'. இரண்டாவது காரில் ஸ்டீயரிங் வீலே கிடையாது. ஒரே ஒரு குச்சி, மேலே கண்ணாடிக் குமிழ் போல ஒரு கூரை.

பூதம் எங்கே வந்தது?

இதுக்கெல்லாம் பணம்? கார் கண்காட்சிகளில் டி-ஷர்ட்டில் ஏர்பிரஷ்ஷால் பூதங்களை வரைந்து விற்றார். அதில் பிறந்ததுதான் 'ராட் ஃபிங்க்'. தொப்பை, பிதுங்கிய கண், ஈ மொய்க்கும் பச்சை எலி. அழகான மிக்கி மவுஸுக்கு நேர் எதிர். ஒழுங்கா இருன்னு கேட்டுக் கேட்டு சலித்த பசங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

ரெவல் நிறுவனம் அவருடைய கார்களையும் பூதங்களையும் பொம்மை கிட்டாக விற்றது. ஒரு பெட்டிக்கு ராத்துக்குக் கிடைத்தது வெறும் 1 சென்ட். ஆனாலும் 1963-ல் மட்டும் 32 ஆயிரம் டாலர் சேர்ந்தது.

ஏன் சரிந்தார்?

1960-களின் கடைசியில் முரட்டு பைக் கும்பல்களோடு அவருக்குப் பழக்கம் அதிகமானது. ரெவல் விலகியது. 1970 வாக்கில் ஸ்டூடியோவை மூடினார். ஆசையாய்க் கட்டிய கார்களும் கைமாறின. பிறகு ஒரு கேளிக்கைப் பூங்காவில் போர்டு எழுதினார். 1974-ல் மோர்மன் சபையில் சேர்ந்து, பின்னாளில் யூட்டாவில் குடியேறினார். 2001 ஏப்ரல் 4-ல், 69 வயதில் அங்கேயே காலமானார்.

பீட்னிக் பேண்டிட் இப்போது ரீனோ நகர கார் மியூசியத்தில் நிற்கிறது. அந்தக் காருக்குச் சோறு போட்ட எலி மட்டும் இன்னும் டி-ஷர்ட்டிலும் ஸ்டிக்கரிலும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.