மடங்கிய விரலும் நிமிரும்!

தோழனே, உன் கையை விரித்துப் பார்! தறி ஓட்டும் கை. சம்மட்டி பிடிக்கும் கை. கொடி தாங்கும் கை. அந்த விரல்கள் ஒருநாள் மடங்கி, நிமிர மறுத்தால் உன் பிழைப்பு என்னாவது?

தொழுநோய் தாக்கிய பலருக்கு நேர்ந்தது அதுதான். முற்பிறவிப் பாவம் என்றனர் மூடமதியினர். கிருமியின் வேலை என்று 1873-ல் கண்டு சொன்னார் நார்வே நாட்டு ஆன்சன். கிருமியால் நரம்பு கெடுகிறது, தசை செயலிழக்கிறது, விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. நீட்டிவிடாமல் விட்டால் மூட்டும் இறுகிவிடுகிறது.

அந்த விரல்களை நிமிர்த்த முனைந்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர். 1954-ல் வண்டி விபத்து. முதுகெலும்பு முறிந்தது, கால்கள் செயலற்றன. வயதோ இருபத்தெட்டு!

விதியே என்று விம்மிக் கிடந்தாரா? இல்லை! கொல்லிமலையில் பிறந்த ஆங்கில மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை முறையை அப்போது வேலூரில் வளர்த்து வந்தார். அதை உட்கார்ந்தே செய்யலாமே என்று வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கத்தியைக் கையிலெடுத்தார் மேரி. நடக்க இயலாதவர், பிறர் உழைக்கக் கை கொடுத்தார்!

கத்தி மட்டும் போதுமா? போதாது. அறுவைக்கு முன், இறுகிய விரல்களை நாள்தோறும் நீட்டி இளக்கவேண்டும். அறுவைக்குப் பின், இடம் மாற்றித் தைத்த தசைநாணுக்குப் புதிய வேலையைப் பழக்கவேண்டும். வீட்டிலும் செய்யலாம்: கையை நீரில் ஊறவை, எண்ணெய் தடவு, தொடைமேல் வைத்து, மறு கையால் மெல்ல நீவி நிமிர்த்து. முரட்டுத்தனம் கூடாது, உணர்ச்சியற்ற கை வலி சொல்லாது, தோல்தான் கிழியும்.

உடற்பயிற்சியின் அருமையைத் தம் உடலாலேயே உணர்ந்தவர் மேரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். திரும்பி வந்து, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வளர்த்தார். 1966-ல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1986-ல் மறைந்தார்.

அவர் ஆண்டவனை நம்பியவர். நாம் பகுத்தறிவை நம்புகிறவர்கள். ஆயினும், மடங்கிய விரலை நிமிர்த்த அவர் கையாண்டது மந்திரமன்று, மருத்துவம்!

இன்று கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் இறுகிப்போன விரலை மாத்திரை நிமிர்த்தாது. பயிற்சி வேண்டும், பக்கத்தில் மனிதர் வேண்டும். உன் தெருவில் அப்படி ஒரு கை நீண்டால், காசு போட்டு நகராதே. பற்றிக்கொள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல். நாம் மேடைதோறும் முழங்கும் சுயமரியாதை அந்தக் கைக்கும் உரியது!