இராபர்ட்டு ஆபட்

அமெரிக்காவில் கறுப்பினத்திற் பிறந்த இராபர்ட்டு ஆபட் சட்டம் பயின்றவர். நிறவேற்றுமையால் வழக்கறிஞர் தொழில் அவருக்குக் கைகூடவில்லை. இளமையிற் கற்ற அச்சுத்தொழிலே துணையாயிற்று. 1905-ஆம் ஆண்டு சிகாகோ நகரில், 25 செண்டு முதலுடன் 'சிகாகோ டிபெண்டர்' என்னும் வார இதழைத் தொடங்கினார். முதலில் அச்சானவை 300 படிகளே. அவற்றை வீடுவீடாகச் சென்று விற்றவரும் அவரே.

அந்நாளில் தென்மாநிலங்களிற் கறுப்பின மக்கள் பலர் விசாரணையின்றிக் கும்பல்களாற் கொல்லப்பட்டனர். அக்கொடுமைகளை ஆபட் அஞ்சாது வெளியிட்டார். சினங்கொண்ட சில ஊரார் இதழை விற்கவொட்டாமல் தடுத்தனர். ஆயினும், புகைவண்டிகளிற் பணிபுரிந்த கறுப்பினத்தார் இதழ்க்கட்டுகளை மறைத்துக் கொண்டுசென்று சேர்த்தனர். ஒருவர் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர். முதல் உலகப்போரின்போது வடநாட்டு ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. வடக்கே வருமாறு அவ்விதழ் அழைத்தது. அழைப்பைக் கேட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல.

1940-இல் ஆபட் மறைந்தார். இதழோ, 2019 வரை அச்சில் வெளிவந்தது.